கண்மாய்க்கரைக்கும் ஒரு கணக்கு நோட்டு

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

 

நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. வீட்டு வேலை, ரெண்டு பிள்ளைங்க, ரெண்டு மாடு, இதுதான் என் உலகம். எங்க குழுவுல கணக்கு நோட்டு எழுதுறது என் பொறுப்பு. எனக்கு முன்னாடி பேசின அக்காமார்கள் கடன் வாங்கித் தொழில் தொடங்கினது, மாடு வாங்கினது, கடை வச்சது எல்லாம் சொன்னாங்க. கேக்கவே சந்தோஷமா இருந்துச்சு. என்னை வேற ஒரு விஷயம் பேசச் சொல்லியிருக்காங்க. எங்க ஊர்க் கண்மாய்க்கரையையும், அதை ஒட்டி இருக்கிற திடலையும் எங்க ஊராட்சியில உள்ள குழுக்கள் சேர்ந்து எப்படிப் பார்த்துக்கிறோம்னு சொல்லச் சொன்னாங்க. எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

நம்ம சிவகங்கைச் சீமை வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகையில பெய்யிற மழைதான் நமக்கு எல்லாம். அந்த மழையைப் பிடிச்சு வைக்கத்தான் நம்ம முன்னோர் ஊருக்கு ஊர் கண்மாய் வெட்டினாங்க. மேல இருக்கிற கண்மாய் நிறைஞ்சா கலுங்கு வழியா மறுகால் பாஞ்சு, கீழ இருக்கிற கண்மாய்க்குத் தண்ணி போகும். அதனால ஒரு ஊர்க்காரங்க வரத்துக்காலை அடைச்சா அடுத்த ஊர் காஞ்சு போகும். தமிழ்நாடு முழுக்க இப்படி 39,000க்கு மேல ஏரியும் கண்மாயும் இருக்குன்னு சொல்றாங்க. கண்மாயில தண்ணி நின்னாத்தான் கிணத்துல ஊறும். போர்ல தண்ணி வரும். குழாயில வருதேன்னு நாம நினைக்கிறோம், அந்தக் குழாய்க்குத் தண்ணி ஊறுற இடம் எதுன்னு மறந்துடுறோம்.

ஆனா கண்மாய்னா தண்ணி மட்டும்தானா? இங்க நாப்பது வயசுக்கு மேல உள்ள அக்காமார்களைக் கேக்குறேன். நீங்க நீச்சல் எங்க கத்துக்கிட்டீங்க? முதுகுல கல்யாண முருங்கைக் கட்டையையோ சுரைக்குடுக்கையையோ கட்டிக்கிட்டு, அப்பாவோ அத்தையோ பிடிச்சுத் தள்ளிவிட, கண்மாயிலதானே கத்துக்கிட்டீங்க? கோடையில தண்ணி வத்தினதும் ஊர்ல தண்டோரா போட்டு மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊத்தாவைத் தூக்கிக்கிட்டு ஆம்பளை, பொம்பளை, பிள்ளைங்க எல்லாம் சேத்துல இறங்குவோம். அன்னைக்கு ஊர் முழுக்க மீன் குழம்பு வாசனைதான். சாயங்காலம் கரை மேல ஆலமரத்தடியில பெரியவங்க உட்கார்ந்திருப்பாங்க, கீழ திடல்ல பிள்ளைங்க ஆடிக்கிட்டு இருக்கும். டிக்கெட் வாங்காம, காசு கொடுக்காம ஏழையும் பணக்காரரும் போய் உட்கார்ந்து மூச்சு விடுற இடம் கிராமத்துல அது ஒண்ணுதான்.

அந்த இடம் எங்க ஊர்ல கொஞ்சம் கொஞ்சமாக் கெட்டுப் போச்சு. வீட்டுக்கு வீடு குழாய் வந்ததும் கரைப்பக்கம் போறவங்க குறைஞ்சாங்க. ஆள் நடமாட்டம் இல்லாத இடத்துல குப்பை வரும், பாட்டில் வரும். ராத்திரியில கோழிக் கழிவை மூட்டை கட்டிக் கொண்டாந்து கொட்டிட்டுப் போனாங்க. உள்ள சீமைக்கருவேலம் மண்டிப் போச்சு. திடல்ல பசங்க மட்டும் ஒரு மூலையில கிரிக்கெட் ஆடுவாங்க. வயசுக்கு வந்த பிள்ளைங்களை அந்தப் பக்கமே யாரும் விடலை. பொம்பளைப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் விட்டா வீடு, வீடு விட்டா பள்ளிக்கூடம், கையில ஒரு செல்போன். இவ்வளவுதான் எங்க ஊர்ல பொழுதுபோக்குன்னு ஆயிடுச்சு.

மூணு வருஷத்துக்கு முன்னாடி, ஆறாவது படிக்கிற ஒரு பிள்ளை திடல்ல ஓடும்போது உடைஞ்ச பாட்டிலை மிதிச்சுட்டா. ஏழு தையல். அவங்க அம்மா எங்க குழு உறுப்பினர். அன்னைக்கே அவசரக் கடன் கேட்டு வந்தாங்க, கொடுத்தோம். அடுத்த வாரக் கூட்டத்துல திடலைச் சுத்தம் பண்ணணும்னு ஒருத்தர் பேச்சை எடுத்தப்போ, இன்னொருத்தர், ‘நாம சேமிக்கவும் கடன் கொடுக்கவும்தான் கூடுறோம். குப்பை அள்ளுறது ஊராட்சி வேலை. அதையும் நம்ம தலையில போட்டுக்கணுமா?’ன்னு கேட்டாங்க. கேட்டது நியாயமான கேள்விதான். அதுக்கு எங்க குழுவுல மூத்தவங்க ஒருத்தர் சொன்னாங்க: ‘தையல் போட்ட செலவை நம்ம நோட்டுலதானே எழுதியிருக்கோம்? செலவு நம்ம கணக்குல ஏறிடுச்சுன்னா, அதை வராமப் பார்க்கிறதும் நம்ம கணக்குதான்.’

அந்த வார்த்தைக்கு அப்புறம் யாரும் மறுத்துப் பேசலை. நான் இன்னைக்கு இங்க சொல்ல வந்ததும் அதுதான். ஊர்ப் பொது இடம் கெட்டா அதுக்கு விலை கொடுக்கிறது நம்ம வீடுதான். ஆஸ்பத்திரி செலவா வரும், தண்ணி லாரி செலவா வரும், கொசுக்கடியா வரும். அதனால கண்மாய்க்கரையையும் நம்ம கூட்டத்துப் பொருளா எடுத்துப் பேசணும்.

எப்படிச் செய்றோம்னு சொல்றேன். ஒரு நாள் கூட்டமாப் போய்ச் சுத்தம் பண்ணி, போட்டோ எடுத்துட்டு வர்றது சுலபம். எங்க ஊர்லயும் பல தடவை அப்படி நடந்திருக்கு, மறுமாசமே பழைய குப்பை வந்துடும். அரசாங்கமும் தூர் வாரும், ஆனா அது என்னைக்கோ ஒரு தடவை வர்ற வேலை. நடுவுல இருக்கிற நாளைப் பார்த்துக்கிறது யாரு? அந்தக் காலத்துல அதுக்குத்தான் குடிமராமத்துன்னு ஒண்ணு வச்சிருந்தாங்க. வீட்டுக்கு ஒரு ஆள் வந்து கரையில மண் போட்டு, வாய்க்காலை வெட்டிவிட்டுட்டுப் போகணும். 2017ல அரசாங்கமே அதே பேர்ல ஒரு திட்டம் கொண்டு வந்துச்சு. அந்தப் பழக்கத்தோட உயிர் எங்க இருந்துச்சுன்னா, முறை வச்சதுல. நமக்கு முறை வைக்கத் தெரியாதா? வாரா வாரம் கூடுறோம், சேமிப்பு கட்டுறோம், வராதவங்க பேரை எழுதுறோம். 1989ல தர்மபுரி மாவட்டத்துல இந்த மாதிரிக் குழுக்களை ஆரம்பிச்ச காலத்துல இருந்து, பெண்கள் குழு நிலைச்சு நிக்கிறது இந்த முறையாலதான்.

எங்க ஊராட்சியில ஏழு குழு இருக்கு. ஒரு வாரத்துக்கு ஒரு குழுன்னு முறை வச்சோம். ஞாயிற்றுக்கிழமை காலையில ஆறரைக்குப் போனா எட்டு மணிக்கு வீடு திரும்பிடலாம். ஒரு குழுவுக்கு ஏழு வாரத்துக்கு ஒரு தடவைதான் முறை வரும். அதுக்கு மேல யாரையும் கூப்பிடுறது இல்லைன்னு தீர்மானமே போட்டோம். ஏன்னா, நம்ம தலையில ஏற்கெனவே எவ்வளவு வேலை இருக்குன்னு நமக்குத் தெரியும். சம்பளம் இல்லாத வேலை இன்னொண்ணை அளவு இல்லாம ஏத்தினா, நாலே மாசத்துல ஆள் வராம நின்னு போகும். வராதவங்களுக்கு 10 ரூபாய் அபராதம். உடம்பு சரியில்லைன்னா, கைக்குழந்தைக்காரின்னா அபராதம் கிடையாது. அந்தக் காசுல கையுறை, விளக்குமாறு, சாக்கு வாங்குறோம். இதுக்குன்னு தனியா ஒரு நோட்டு. யார் வந்தாங்க, எத்தனை சாக்கு அள்ளினோம், கரையில எங்க எலி வளை போட்டிருக்கு, எந்த மடையில தண்ணி கசியுதுன்னு எல்லாம் அதுல எழுதுறோம்.

ஒரு விஷயம் கவனமாக் கேளுங்க. உடைஞ்ச பாட்டிலைப் பிள்ளைங்க கையில கொடுக்காதீங்க. நாங்க தடிச்ச செருப்பு போட்டுக்கிட்டு, குச்சியாலயோ முறத்தாலயோ தள்ளி, தனிச் சாக்குல கட்டுறோம். பிளாஸ்டிக்கைத் தனியாப் பிரிச்சு ஊராட்சித் தூய்மைக் காவலர்கள்கிட்ட ஒப்படைக்கிறோம். அங்கேயே தீ வச்சுக் கொளுத்துறது கூடாது, அந்தப் புகை நம்ம பிள்ளைங்க நெஞ்சுக்குத்தான் போகும். 2019 ஜனவரி 1ல இருந்து கேரிபேக் மாதிரி ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கி எறியிற பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டுல தடை இருக்கு. 2021ல மீண்டும் மஞ்சப்பைன்னு அரசாங்கம் ஒரு இயக்கமும் ஆரம்பிச்சது. இருந்தாலும் எங்க கரையில கிடைச்சதுல பாதிக்கு மேல கேரிபேக்தான். அதைப் பார்த்த பிறகுதான் எங்க குழு வீடுகள்ல சந்தைக்குத் துணிப்பை எடுத்துட்டுப் போற பழக்கம் வந்துச்சு. அள்ளினவளுக்குத்தான் போடக் கூடாதுன்னு மனசுல பதியுது.

அடுத்தது கோழிக் கழிவு. டவுன்ல இருந்து ராத்திரி வண்டியில கொண்டாந்து கொட்டினாங்க. எந்தக் கடைன்னு இங்க பேர் சொல்ல விரும்பலை. நாங்க சண்டைக்குப் போகலை. பத்துப் பேரா அந்தப் பக்கத்துக் கடைகளுக்குப் போய், ‘அண்ணே, எங்க ஊர்ல நல்லது கெட்டதுக்கு உங்க கடையிலதான் கறி வாங்குறோம். எங்க மாடு குடிக்கிற தண்ணியில கழிவைக் கொட்டினா நாங்க எங்க போறது?’ன்னு கேட்டோம். அதோட ஊராட்சியில எழுதியும் கொடுத்தோம். இப்போ ரொம்பக் குறைஞ்சிருக்கு. முழுசா நின்னுடுச்சுன்னு சொல்ல மாட்டேன். போன மாசம்கூட ரெண்டு மூட்டை கிடந்துச்சு, நோட்டுல எழுதியிருக்கோம்.

கண்மாய் யாருடையதுன்னு தெரியாம எந்த ஆபீஸுக்கும் போகாதீங்க, அலைக்கழிப்பாங்க. 100 ஏக்கரும் அதுக்கு மேலயும் ஆயக்கட்டு இருந்தா அந்தக் கண்மாய் பொதுப்பணித்துறைக்காரங்க பார்த்தது, இப்போ நீர்வளத்துறை. அதுக்குக் கீழன்னா ஊராட்சி ஒன்றியம். ஊர்ல விஏஓ கிட்ட அ-பதிவேடு இருக்கும். அதுல உங்க கண்மாய் எந்த சர்வே நம்பர், எத்தனை பரப்பு, திடல் என்ன வகைப் புறம்போக்குன்னு எழுதியிருக்கும். அதைக் கேட்டு நம்ம நோட்டுல முதல் பக்கத்துல எழுதி வச்சுக்கணும். நம்பர் தெரிஞ்சு பேசினா பதிலே வேற மாதிரி வரும்.

எங்க திடல்லயும் ஒருத்தர் வைக்கோல் படப்பு போட்டு, சுத்தி முள்வேலி அடைச்சிருந்தார். வருஷத்துக்கு வருஷம் வேலி ரெண்டடி தள்ளித் தள்ளி வந்துச்சு. பேர் வேண்டாம், அவரும் நம்ம ஊர்க்காரர்தான், அவர் வீட்டுப் பெண்ணும் ஒரு குழுவுல இருக்காங்க. இதைத் தெருச் சண்டையா ஆக்கினா குழு உடையும். அதனால ஆளைப் பத்திப் பேச வேண்டாம், இடத்தைப் பத்தி மட்டும் பேசுவோம்னு முடிவு பண்ணினோம். ‘திடலை அளந்து நாலு மூலையிலயும் கல் நடணும்’னு கிராம சபையில மனு கொடுத்தோம். தீர்மானம் ஆச்சு. சர்வேயர் வந்து அளந்தார். யாரும் யாரையும் கை நீட்டிப் பேசலை, கல் பேசிடுச்சு. அறுப்பு முடிஞ்சதும் அவரே படப்பைப் பிரிச்சு எடுத்துட்டார். இன்னைக்கு அவர் வீட்டுப் பேத்தியும் அந்தத் திடல்லதான் ஆடுறா.

கிராம சபை வருஷத்துக்கு ஆறு தடவை கூடுது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதுல மார்ச் 22 உலக தண்ணீர் தினம். கையெழுத்துப் போட்டுட்டு வந்துடாதீங்க. கண்மாய் பத்தின தீர்மானத்தை எழுதச் சொல்லி, எழுதினதை வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க. அதுக்கு நமக்கு உரிமை இருக்கு.

சீமைக்கருவேலம் பத்திச் சொல்லணும். அதுல எங்களுக்குள்ளயே கருத்து வேறுபாடு வந்துச்சு. அத்தனையும் வெட்டிடணும்னு சிலர். ஆடு வளர்க்கிற ஒரு அக்கா எழுந்து, ‘கோடையில பச்சைப் புல் ஒரு கைப்பிடி இருக்காது. என் ஆடுங்க அந்தக் காயைத் தின்னுதான் உயிர் பிழைக்குது. அடுப்புக்கு விறகும் அதுதான். நீங்க சிலிண்டர் வச்சிருக்கீங்க, சொல்லுவீங்க’ன்னாங்க. அவங்க சொன்னதும் உண்மைதான். விறகுக்குன்னு கொண்டு வந்த மரம் அது. கரி மூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பம் நம்ம பக்கத்துல எத்தனை இருக்கு? அதே நேரம் கண்மாய்க்குள்ளயும் வரத்துக்கால்லயும் அது அடைச்சு நின்னா தண்ணியே வராது. ரெண்டையும் யோசிச்சு ஒரு வழி எடுத்தோம். ஊருக்கு மேற்கே தரிசுல நிக்கிறதைத் தொடுறது இல்லை. வரத்துக்கால், மடை வாசல், கண்மாய் உள்வாய், இந்த மூணு இடத்துல மட்டும் முளைக்க விடுறது இல்லை.

பெரிய மரத்தை நாம வெட்டக் கூடாது. அது புறம்போக்கு மரம், முறைப்படி ஏலம் விட்டுத்தான் எடுக்கணும். கரை மேல நிக்கிற பெரிய மரத்தை இஷ்டத்துக்கு வேரோட பிடுங்கினா கரையும் இளகிப் போகும். அதனால பெரிய மரத்துக்கு ஊராட்சியில தீர்மானம், சின்னக் கன்றுக்கு நாங்க. மழை பெஞ்சு ரெண்டு மூணு நாள்ல மண் ஈரமா இருக்கும்போது முழங்கால் உயரக் கன்றை இழுத்தா வேரோட வந்துடும். விட்டுட்டா அடுத்த வருஷம் கடப்பாரை போட்டாலும் அசையாது. வெறுமனே வெட்டினா அடிக்கட்டையில மறுபடி துளிர்த்துடும். ஆடு காயைத் தின்னு புழுக்கை போடுற இடத்துலதான் கன்று நிறைய முளைக்குது. எந்த இடம்னு எங்களுக்கு அடையாளம் காட்டுறது யார் தெரியுமா? அந்த ஆடு வளர்க்கிற அக்காதான். எங்க குழுவுல அதிகமாக் கன்று பிடுங்குறதும் அவங்கதான்.

கரையின் வெளிச்சரிவுல ஊராட்சியில சொல்லிட்டுப் பனை விதை போட்டோம். பனை நம்ம மாநில மரம். வேர் மண்ணைப் பிடிச்சு நிறுத்தும், தண்ணி ஊத்தி வளர்க்க வேண்டியது இல்லை. ஆவணி, புரட்டாசியில பழம் விழும்போது பொறுக்கி வச்சு, மழைக்கு முன்னாடி ஒரு அடி குழி தோண்டி, பத்தடிக்கு ஒண்ணாப் போட்டோம். பிள்ளைங்கதான் விதை பொறுக்கினாங்க. முந்நூறு போட்டோம். ஒரு கோடையில யாரோ காய்ஞ்ச புல்லுக்குத் தீ வச்சதுல நிறையப் போச்சு. இப்போ நோட்டுல எண்ணி எழுதியிருக்கிறது நூத்தி பன்னிரண்டு. இது நுங்கு காய்க்கப் பதினஞ்சு வருஷம்கூட ஆகலாம். அதுவரைக்கும் எண்ணிக்கிட்டு இருக்கணும்னு பிள்ளைங்ககிட்ட சொல்லியிருக்கோம். பனையை வெட்டணும்னா கலெக்டர் அனுமதி வேணும்னு அரசாங்கமும் 2021ல அறிவிச்சிருக்கு.

இப்போ திடலுக்கு வர்றேன். சுத்தம் ஆனதும் கிரிக்கெட் பசங்க ஆடுற இடம் பெருசாச்சு, அவ்வளவுதான். பொம்பளைப் பிள்ளைங்க வரலை. ‘அதுங்களுக்கு அங்க என்ன வேலை?’ன்னு வீட்டுல கேக்குறாங்க. இதுக்குத்தான் நாங்க குப்பை அள்ளினதைவிட அதிகமாப் பாடுபட்டோம். பசங்களைக் கூப்பிட்டுப் பேசினோம். சாயங்காலம் அஞ்சுல இருந்து ஆறரை வரைக்கும் திடல்ல கிழக்குப் பாதி பிள்ளைங்களுக்கு. அந்த நேரம் குழுவுல ரெண்டு பேர் முறை வச்சுக் கரையில உட்கார்ந்திருப்போம். பூக்கட்டிக்கிட்டோ, புளி ஆஞ்சுக்கிட்டோ உட்கார்ந்திருப்போம், வேலையும் ஆகும். அம்மாமார்கள் அங்க இருக்காங்கன்னு தெரிஞ்சதும் வீட்டுல விட ஆரம்பிச்சாங்க. முதல் வாரம் மூணு பிள்ளைங்க வந்தாங்க. இன்னைக்கு இருபதுக்கு மேல வர்றாங்க. கோகோ ஆடுறாங்க, கபடி ஆடுறாங்க. பசங்களும் மாறிட்டாங்க. பாட்டில் சாக்கைத் தூக்கி வண்டியில ஏத்துறது இப்போ அவங்க பொறுப்பு.

பிள்ளைங்களுக்குன்னு ஆரம்பிச்சது எங்களுக்கும் பயன்பட்டுச்சு. மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கு வந்து சுகர், பிரஷர் மாத்திரை கொடுக்கிற தங்கச்சி, ‘தினம் அரை மணி நேரம் நடங்க’ன்னு சொல்லுது. எங்க நடக்கிறது? ரோட்டுல லாரி. தெருவுல நடந்தா, ‘இவளுக்கு என்ன வேலையத்துப் போச்சா’ன்னு பேச்சு. இப்போ சாயங்காலம் கரையில பத்துப் பன்னிரண்டு பேர் நடக்கிறோம். காத்து வாங்குறோம், நாலு வார்த்தை சிரிச்சுப் பேசுறோம். பொம்பளைக்குப் பொழுதுபோக்கு எதுக்குன்னு நினைக்கிற ஊர்ல, அந்த அரை மணி நேரம் எங்களுக்குப் பெரிய விஷயம்.

தண்ணி கிடக்கிற காலத்துல ஒரு பயம் உண்டு. மண் அள்ளின இடத்துல திடீர்ப் பள்ளம் இருக்கும், மேலே பார்த்தா தெரியாது. பிள்ளைங்க மூழ்கிப் போற செய்தியை லீவு காலத்துல அடிக்கடி பேப்பர்ல பார்க்கிறோம். அதனால கண்மாய் வத்தியிருக்கும்போதே பள்ளம் எங்க இருக்குன்னு பார்த்து நோட்டுல எழுதி, தண்ணி வந்ததும் அந்த இடத்துக்கு நேரா கரையில சிவப்புத் துணி கட்டுறோம். பெரியவங்க இல்லாம பிள்ளைங்க இறங்கக் கூடாது. நீச்சல் தெரிஞ்ச மூத்தவங்க ரெண்டு பேர், ஆழம் இல்லாத படித்துறைப் பக்கம், பழைய மாதிரியே கட்டை கட்டி லீவுல கத்துக் கொடுக்கிறாங்க. பொம்பளைப் பிள்ளைங்களுக்கும் சேர்த்துத்தான். நீச்சல் தெரியாத பிள்ளைக்குக் கண்மாய் எமன், தெரிஞ்ச பிள்ளைக்கு அது சொந்தம்.

நம்ம மாவட்டத்துலயே நமக்கு ஒரு பாடம் இருக்கு. திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம், கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய். 1977ல சரணாலயமா அறிவிச்சாங்க. அங்க வர்ற பறவைங்க பயந்து ஓடிடக் கூடாதுன்னு அந்த ஊர் மக்கள் தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்கிறதே இல்லை. கல்யாணம், திருவிழான்னாலும் வேட்டுச் சத்தம் கிடையாது. பிள்ளைங்களும் அடம் பிடிக்கிறது இல்லையாம். வனத்துறைக்காரங்க தீபாவளிக்கு அந்த ஊருக்கு இனிப்பு கொடுத்து நன்றி சொல்றாங்க. சட்டம் போட்டு, காவல் வச்சு இதைச் செய்ய முடியுமா? தாய் பிள்ளைக்குச் சொல்லி, பிள்ளை அதன் பிள்ளைக்குச் சொல்லி நடக்கிற காரியம் இது. நம்மளால முடியாததுன்னு ஒண்ணுமே இல்லைன்னு அந்த ஊரை நினைச்சா தோணும்.

கூட்டமைப்புக்கு நான் வைக்கிற வேண்டுகோள் மூணுதான். ஒண்ணு, எல்லா ஊராட்சியிலயும் மாதக் கூட்டத்துல கடன், சேமிப்பு பேசி முடிச்சதும் பத்து நிமிஷம் நம்ம ஊர்ப் பொது இடத்தைப் பத்திப் பேசணும்னு பொருள்ல சேருங்க. ரெண்டு, ஒவ்வொரு ஊர்க் கண்மாய், ஊருணி, திடல், இதோட சர்வே நம்பரையும் பரப்பையும் எழுதி வாங்கிக் கூட்டமைப்பு ஆபீஸ்ல ஒரு பதிவேடு வையுங்க. நாளைக்கு ஒரு ஊருக்குப் பிரச்சினைன்னா எல்லா ஊரும் சேர்ந்து போய்க் கேக்க அது உதவும். மூணு, பெரிய வேலையைத் துறைக்காரங்ககிட்ட கேட்டு வாங்கணும். கரையைப் பலப்படுத்துறது, மடை கட்டுறது, தூர் வாருறது எல்லாம் அரசாங்கத்தோட கடமை. நாம முறை வச்சுக் குப்பை அள்ளுறோம்கிறதால அந்தக் கடமை அவங்களை விட்டுப் போயிடாது. நம்ம நோட்டு அவங்களைக் கேள்வி கேக்கத்தான்.

எங்க ஊர்க் கரை இன்னும் முழுசா நல்லா ஆகலை. மேலமடையில கசிவு இருக்கு, நாலு கிராம சபையில எழுதிக் கொடுத்தாச்சு, இன்னும் சரி பண்ண வரலை. அஞ்சாவது தடவையும் கொடுப்போம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்க குழு முறை. இங்க இருக்கிற யாராவது வந்து பார்க்கணும்னா காலை ஆறரைக்கு வாங்க, எட்டு மணிக்கு எங்க வீட்டுல இட்லி சாப்பிட்டுட்டுப் போகலாம். போகும்போது அந்த நோட்டை ஒரு தடவை புரட்டிப் பார்த்துட்டுப் போங்க. உங்க ஊருக்கு எப்படி எழுதணும்னு அதுலயே தெரிஞ்சுடும்.